கதை வாசிக்கும் குரல்கள்: தையற்கடையில் கேட்ட ஒலிப்புத்தகங்கள்

ஒலிப்புத்தகத்துக்கு மாதச் சந்தா கட்டினால் பிரயோசனம் இருக்குமா என்று கடைக்கு வருகிற பெண்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில் எனக்குத் தையற்கடை. சாரி பிளவுஸ், பாவாடை சட்டை, கல்யாண வேலை. நாங்கள் மூன்று பேர் தைக்கிறோம். அளவு கொடுக்க வருபவர்கள் யாரோ கதை வாசிக்கிற குரலைக் கேட்டு முதலில் வானொலி என்று நினைக்கிறார்கள். பிறகு "இது என்ன அக்கா?" என்று கேட்டுக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஊசியை வாயில் வைத்துக்கொண்டு துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

நாங்கள் கேட்கத் தொடங்கியது 2022 மின்வெட்டுக் காலத்தில். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தது ஞாபகம் இருக்கும். மெஷின் ஓடாது. கொக்கி வைப்பது, ஓரம் மடித்துக் கையால் தைப்பது, சாரிக்கு ஃபோல் பிடிப்பது மட்டும்தான் வேலை. கரண்ட் இருந்த நேரத்தில் போனில் இறக்கி வைத்த கதைகளை அப்போது கேட்டோம். கரண்ட் திரும்பி வந்த பிறகும் கேட்பதை நிறுத்தவில்லை. சந்தா கட்டுகிற செயலியில் கொஞ்சம், காசில்லாமல் கிடைக்கிற பதிவுகளில் கொஞ்சம், யூடியூபில் கொஞ்சம் என்று தமிழில் கிடைப்பதை எல்லாம் கேட்டுப் பார்த்திருக்கிறோம்.

இது அமைதியான அறையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவரின் விமர்சனம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் மெஷின்கள் ஒன்றாக ஓடும். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் சொல்வதே கேட்காது. மேலே 100, 101 பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும், கீழே கரையோர ரயில். வெட்டுகிற மேசையில் ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. இத்தனை சத்தத்துக்குள்ளும் ஒருவர் வாசிப்பது விளங்குகிறது என்றால் அவர் தொழில் தெரிந்தவர். அதற்கும் மேலே, கதையில் ஓர் இடம் வரும்போது எங்களில் ஒருத்தி தன்னை அறியாமல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டால், அந்த வாசிப்பாளரின் பெயரை நான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன்.

சத்தம் ஏறி இறங்காமல் இருப்பதற்கு இந்தத் தொழிலில் கணக்கே இருக்கிறது. ஒலிப்பதிவு படிக்கிற என் மகன் சொன்னது இது. அமேசானின் ஏ.சி.எக்ஸ். தளத்துக்குக் கொடுக்கிற ஒலிப்புத்தகத்தில் சராசரி ஒலியளவு மைனஸ் 23 டெசிபலுக்கும் மைனஸ் 18 டெசிபலுக்கும் இடையில் இருக்க வேண்டும். உச்சம் மைனஸ் 3 ஐத் தாண்டக் கூடாது. பின்னணி இரைச்சல் மைனஸ் 60 க்குக் கீழே இருக்க வேண்டும். கதாபாத்திரம் கிசுகிசுத்தாலும் கத்தினாலும் கேட்பவர் ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்காமல் இருக்கத்தான் இந்த எல்லை. தமிழில் காசுக்கு விற்கிற பதிவுகள் சிலவற்றில்கூட இந்த ஒழுங்கு இல்லை. ஓர் அத்தியாயம் தூரத்தில் கேட்கும், அடுத்தது காதை அறையும்.

ஒலியளவு சரியாக இருந்தும் விளங்காத வாசிப்பு இருக்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் வாக்கியத்தின் முடிவு. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். யார் செய்தது, செய்தாரா இல்லையா, செய்யப் போகிறாரா என்பது எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கும். மூச்சு முடிகிற இடத்தில் குரலைத் தாழ்த்தி அந்தச் சொல்லை விழுங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். வந்தானா, வரவில்லையா என்று எங்களுக்குள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். நல்ல வாசிப்பாளர் நீண்ட வாக்கியத்தைக் கண்ணால் முன்கூட்டியே அளந்து, மூச்சைச் சேமித்து, கடைசி எழுத்துவரை கொண்டுபோய்ச் சேர்ப்பார். இனிமையான குரல் இல்லாத ஒருவர் இதைச் சரியாகச் செய்தால் எனக்கு அவரே போதும்.

இன்னொன்றும் தமிழில் வாசிப்பவருக்குக் கஷ்டமானது. கதை சொல்கிற பகுதி எழுத்துத் தமிழில் இருக்கும், உரையாடல் பேச்சுத் தமிழில் வரும். ஒரே பக்கத்தில் பத்துத் தடவை இங்கிருந்து அங்கே போய்த் திரும்ப வேண்டும். பழகாதவர்கள் வாசித்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு குலுக்கல் கேட்கும். பாடசாலை மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று குசினிக்குள் வந்து நிற்பது போல இருக்கும். தெரிந்தவர்கள் எழுத்துத் தமிழையே கொஞ்சம் தளர்த்தி, மேற்கோள்குறிக்கு முன்னால் அரை மூச்சு விட்டு, சத்தமில்லாமல் மாறிவிடுவார்கள்.

இனி வகை வகையாகச் சொல்கிறேன்.

துப்பறியும் கதைகள்தான் கடையில் அதிகம் ஓடும். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தைக்கிற பிள்ளைக்கு அது இல்லாமல் வேலை நடக்காது. இந்த வகையில் வாசிப்பவருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கொலைகாரன் யார் என்று அவருக்கு முதல் வரியிலேயே தெரியும். தெரிந்ததை மறைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். நாங்கள் கேட்ட ஒன்றில், வீட்டுக்கு வந்திருக்கிற மைத்துனர் வாயைத் திறக்கும்போதெல்லாம் வாசிப்பவரின் குரல் தடித்து, இழுத்து, ஒரு மாதிரி வந்தது. "இவன்தான் அக்கா" என்று பிள்ளை கதை பாதிக்கு வருவதற்கு முன்னமே சொல்லிவிட்டாள். சொன்னபடியே அவன்தான். எழுதியவர் அத்தனை அத்தியாயங்களில் பாடுபட்டுக் கட்டியதை ஒரு குரல் அவிழ்த்துவிட்டது.

அதே செயலியில் வேறொருவர் வாசித்த நாவல். கொலை செய்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். வாசிப்பாளர் அவருக்குக் கொடுத்த குரல் எந்த விசேஷமும் இல்லாத, கொஞ்சம் களைத்த, வாடிக்கையாளருக்கு மீதிக் காசு எண்ணிக் கொடுக்கிற குரல். கடைசியில் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிற இடத்திலும் அந்தக் குரல் மாறவில்லை. சொற்களுக்கு நடுவில் விடுகிற இடைவெளி மட்டும் நீண்டுகொண்டே போனது. மூன்று மெஷினும் நின்றுவிட்டன. ஓவர்லொக்கில் பாதி போன துணி அப்படியே கிடந்தது. அந்த வாசிப்பாளர் முழுப் புத்தகத்தையும் முதலில் வாசித்து, இந்த மனிதரை எங்கே எப்படி ஒளித்துவைப்பது என்று யோசித்துவிட்டுத்தான் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். முன்னேற்பாடு இல்லாமல் வாசித்தால் இருபதாம் அத்தியாயத்தில் "அவனுடைய கரகரத்த குரலில்" என்று ஒரு வரி வரும்போது, அதுவரை மெல்லிய குரல் கொடுத்தவர் என்ன செய்வார்?

துப்பறியும் கதைக்கு வேகம் வேண்டும் என்று பலரும் ஓட்டமாக வாசிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. துரத்துகிற இடத்தில் எழுத்தே ஓடும், குட்டிக் குட்டி வாக்கியமாக இருக்கும். வாசிப்பவரும் சேர்ந்து ஓடினால் கதவு எந்தப் பக்கம் இருந்தது, சாவி யாரிடம் இருந்தது என்பது காதில் தங்காது. புத்தகம் என்றால் ஒரு பக்கம் திருப்பிப் பார்க்கலாம், கையில் கத்தரிக்கோலோடு இருப்பவள் திருப்பிப் பார்க்க முடியாது. சின்ன விவரத்தைச் சாதாரணமாக, ஆனால் முழுதாக வைத்துவிட்டுப் போகிறவர்தான் இந்த வகைக்குச் சரி.

சரித்திர நாவல் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த கதை. 1999 இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு யாரும் வெளியிடலாம் என்று ஆனது. ஒலியாகவும் பல வடிவங்கள் கிடைக்கின்றன. பாம்பே கண்ணன் பல நடிகர்களை வைத்துத் தயாரித்தது ஒன்று, ஒரே ஆள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்தவை வேறு. எது நல்லது என்று கேட்டால், எப்படிக் கேட்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். எழுந்து போய் வாடிக்கையாளருக்கு அளவெடுத்துவிட்டுத் திரும்பி வருகிற எங்களைப் போன்றவர்களுக்குப் பல குரல் உதவி. வந்தியத்தேவன் பேசுகிறானா ஆழ்வார்க்கடியான் பேசுகிறானா என்பது குரலிலேயே தெரியும். இரவில் தனியாகக் கேட்பவர்களுக்கு ஒற்றைக் குரலைச் சொல்வேன். கல்கி அடிக்கடி கதையை நிறுத்திவிட்டு நேராக நம்மோடு கதைப்பார். ஒரே ஆள் வாசிக்கும்போது அந்தக் கதைசொல்லியே எல்லாப் பாத்திரமாகவும் மாறி மாறி வருவது போல இருக்கும், அந்த உறவு அறுந்து போகாது.

இந்த நாவலை வாசிப்பவரை அளக்க நான் வைத்திருக்கிற இடம் நந்தினி. முக்கால்வாசிப் பேர் அவள் வாயைத் திறந்ததும் சொல்லில் நஞ்சைத் தடவி வாசிக்கிறார்கள். அப்படி வாசித்தால் பெரிய பழுவேட்டரையர் அத்தனை போர் கண்ட மனிதர், இவளிடம் போய் மயங்கியது எப்படி என்று கேட்பவருக்கு விளங்காது. அவரை முட்டாளாக்கிவிடுகிறது அந்தக் குரல். அவளை உண்மையிலேயே இதமாக, பக்கத்தில் இருப்பவரைக் கரைக்கிற மாதிரி வாசித்தால்தான் பயம் வரும். ஒருவர் அப்படி வாசித்தார். எங்கள் கடை மூத்த அக்கா, கதையை இரண்டு தடவை படித்தவர், "இப்பதான் அவளை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். அத்தியாய முடிவுகளையும் கவனியுங்கள். அடுத்த இதழ்வரை வாசகரை இழுத்து வைத்திருக்க எழுதியவை அவை. அந்தக் கடைசி வரியை அடித்துச் சொல்லிக் குரலை உயர்த்துபவர்கள் உண்டு. வரியை அப்படியே தொங்க விட்டுவிட்டு நிறுத்துவதுதான் எனக்குப் பிடிக்கும். மிச்சத்தைக் கல்கி பார்த்துக்கொள்வார்.

குடும்பக் கதைகளை அம்மாவோடு சேர்ந்து கேட்பேன். அம்மாவுக்குக் கண் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. முன்பு வாசிகசாலையிலிருந்து வாரா வாரம் நாவல் எடுத்து வாசித்தவர். பேசும் புத்தகம் என்ற ஏற்பாடே பார்வை இல்லாதவர்களுக்காகத் தொடங்கியதுதான். அமெரிக்காவில் 1934 இலும் பிரித்தானியாவில் 1935 இலும் இசைத்தட்டுகளில் நாவல்களைப் பதிந்து கொடுக்கத் தொடங்கினார்கள். பிரித்தானியாவில் முதலாம் உலகப் போரில் பார்வை இழந்த படைவீரர்களை மனதில் வைத்துச் செய்த வேலை அது. அம்மா கேட்கிற விதத்தைப் பார்க்கும்போது அந்த முதல் கேட்பவர்களை நினைத்துக்கொள்வேன். எனக்குக் கதை கைவேலைக்குத் துணை, அம்மாவுக்கு வாசிப்பு என்பதே இப்போது இதுதான்.

அம்மாவின் தீர்ப்பு கடுமையானது. "அவ அழுதா நான் ஏன் அழ வேணும்?" என்பார். தாய் இறக்கிற இடத்தில் வாசிப்பவரே விக்கி விக்கி அழுத ஒரு பதிவை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதே மாதிரி இடத்தை வேறொரு பெண் வாசித்தார். மகள் தாயின் சேலைகளை மடித்து வைக்கிறாள், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு சேலையின் நிறத்தையும் சொல்லி, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். குரல் ஓரிடத்தில் மட்டும் மெல்லத் தளர்ந்து உடனே சரியானது. அம்மா எழுந்து முகம் கழுவப் போனார். பிளவுஸ் தைக்கும்போது பிறகு பிரித்து விடலாம் என்று உள்ளே கொஞ்சம் துணி மடித்து விடுவோமே, அப்படி வாசிப்பவரிடமும் வெளியே காட்டாத மிச்சம் இருக்க வேண்டும். கேட்பவர் தன் அளவுக்கு அதைப் பிரித்துக்கொள்வார்.

ஆண் வாசிப்பாளர் பெண் பாத்திரங்களைப் பேசும்போது கீச்சுக்குரல் வைப்பதை இந்த வகையில் தாங்கவே முடியாது. குரலின் உயரத்தை மாற்றாமலே பெண்ணாகப் பேசலாம். பேசுகிற வேகம், எங்கே தயங்குகிறாள், எந்தச் சொல்லை விழுத்துகிறாள், இதிலேயே ஆள் வந்துவிடுவாள். ரோய் டொட்ரிஸ் என்ற பிரித்தானிய நடிகர் ஒரே ஒலிப்புத்தகத்தில் 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்துக் கின்னஸில் இடம்பிடித்தார் என்று மகன் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. அது பெரிய திறமை. எங்களுக்கு வருகிற கதைகளில் ஆறு பேர்தான் இருப்பார்கள், ஒரே வீட்டில், ஒரே சாதிப் பேச்சுப் பேசிக்கொண்டு. அந்த ஆறு பேரைப் பிரித்துக் காட்டுவதும் லேசான வேலை இல்லை.

இப்போது எனக்கு மனத்தாங்கல் உள்ள இடத்துக்கு வருகிறேன். இலங்கை எழுத்தாளர்களின் கதைகள் ஒலியாக வருவது குறைவு. வருகிற ஒன்றிரண்டையும் எங்கள் பேச்சைக் கேட்டே இராதவர்கள் வாசிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கிழவியின் பேச்சு எழுத்தில் அச்சொட்டாக இருக்கும், காதில் கேட்கும்போது அவள் மயிலாப்பூரில் இருப்பாள். எழுத்தைப் பார்த்து எழுத்தாகவே உச்சரித்துவிடுகிறார்கள். எங்கே நீட்டுவது, எங்கே வெட்டுவது, கேள்வி எந்த இடத்தில் எழும்பும் என்பது அச்சில் இல்லை. ஒரு பதிவைக் கேட்டு எங்கள் மூத்த அக்கா, அவர் சாவகச்சேரிக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மலையகக் கதை ஒன்றைக் கேட்டபோது ஹட்டன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பேசுகிற அவளுடைய அம்மாவின் தமிழை யாரோ சினிமாவில் வருகிற கிராமத்துத் தமிழாக மாற்றி வைத்திருந்தார்கள். வாசித்தவர் மோசமானவர் இல்லை. அவருக்கு அந்தப் பேச்சை யாரும் கொடுக்கவில்லை, தயாரித்தவர்கள் கேட்டு விசாரிக்கவும் இல்லை.

இதே கொழும்பில் இது எப்படி நடக்கலாம் என்பதுதான் என் கேள்வி. 1925 டிசம்பர் 16 இல் இங்கே வானொலி தொடங்கியது. 1967 இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. அதன் தமிழ் ஒலிபரப்பைக் கடல் தாண்டித் தமிழ்நாட்டில் காது கொடுத்துக் கேட்டார்கள். பி. எச். அப்துல் ஹமீத், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளர்களை அம்மா இன்றைக்கும் குரலை வைத்தே சொல்வார். 'இசையும் கதையும்' என்று ஒரு நிகழ்ச்சி வரும். ஒரு கதையை ஒருவர் வாசிப்பார், நடுநடுவே கதைக்குப் பொருத்தமான சினிமாப் பாட்டுகள் வரும். ஒலிப்புத்தகம் என்ற பேச்சு இங்கே வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னமே எங்கள் வீடுகளில் கதை கேட்கிற பழக்கம் அதனால் இருந்தது. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' நாடகம் வானொலியில் போன நேரம் ஒழுங்கை முழுக்க ஒரே சத்தம்தான் கேட்கும் என்று அம்மா சொல்வார்.

ஒற்றை ஆள் எப்படி ஓர் ஊரையே பேச வைப்பது என்று படிக்க விரும்புபவர்கள் கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பைத் தேடிக் கேளுங்கள். யாழ்ப்பாணத்து பஸ் ஒன்றும் அதன் கண்டக்டரும். ஏறுகிறவர், இறங்குகிறவர், இடம் கேட்கிறவர் எல்லோரும் அந்த ஒரு மனிதரின் வாய்க்குள்ளிருந்து வருகிறார்கள். கண்டக்டர் மட்டும் பேசுகிற இடத்திலும் எதிரே நிற்கிறவர் என்ன சொல்லியிருப்பார் என்பது நமக்குத் தெரிந்துவிடும். உரையாடலை வாசிப்பவர்கள் பழக வேண்டியது இதைத்தான். பேசுகிற பாத்திரம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது குரலில் இருக்க வேண்டும்.

முன்பு வானொலி நாடகங்களில் நடித்த ஓர் அம்மா என் வாடிக்கையாளர். ஒலிப்பதிவுக்குப் போகும்போது போடவென்று என்னிடம் தைத்த பிளவுஸ்களை நான் மறக்கவில்லை. பழகிய மெல்லிய பருத்தித் துணி மட்டும், லைனிங் வேண்டாம், பட்டும் நைலோனும் கூடவே கூடாது. அசைந்தால் சரசரக்கும், மைக் அதையும் சேர்த்துப் பிடித்துவிடும். வளையலைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாராம். வாய் காய்ந்து நாக்கு ஒட்டுகிற சின்னச் சத்தம் வராமல் இருக்கப் பச்சை அப்பிள் ஒரு துண்டு கடிப்பாராம். பிரதியில் மூச்சு விடுகிற இடத்துக்குப் பென்சிலால் சின்னக் கோடு, பாத்திரம் மாறுகிற இடத்தில் வேறு நிறம். புன்னகையோடு சொல்ல வேண்டிய வரியை உண்மையிலேயே புன்னகைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், உதடு விரிந்தால் ஒலியே மாறும் என்று என் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிக் காட்டினார். ஒரு மணி நேரம் ஓடுகிற பதிவுக்குப் பின்னால் வாசிப்பு, வெட்டித் திருத்துவது, மறுபடி கேட்டுப் பார்ப்பது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேர வேலை இருக்கிறது என்று ஏ.சி.எக்ஸ். கணக்குச் சொல்கிறது. இப்படிப்பட்டவர்கள் இந்த நகரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு எங்கள் நாவல்களை வாசிக்கச் செய்ய யாராவது முன்வர வேண்டும். சந்தா கட்ட நாங்கள் இருக்கிறோம்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேய்க்கதைகளில் கதவு கிரீச்சிடும் சத்தமும் நாய் ஊளையும் சேர்த்தவற்றை நாங்கள் இடையில் நிறுத்திவிட்டோம். மெஷின் சத்தத்தோடு அது வெறும் இரைச்சல். சத்தம் எதுவும் சேர்க்காமல் ஒரு பெண் சாதாரணமாக வாசித்த கதைக்குத்தான் ஹட்டன் பிள்ளை அன்றைக்கு வீடுவரை துணைக்கு வரச் சொன்னாள். சுயமுன்னேற்றப் புத்தகங்களில் ஒவ்வொரு வாக்கியத்தையும் அறிவுரையாக அழுத்தி வாசிக்கிறார்கள். எல்லாம் முக்கியம் என்றால் எதுவும் மனதில் நிற்காது. சுயசரிதையை எழுதியவரே வாசித்தால் குரல் பயிற்சி இல்லாவிட்டாலும் கேட்பேன், அவர் தடுமாறுகிற இடம் அவருடையது. கவிதைக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதும், அதற்கு மெஷினை நிறுத்த வேண்டும்.

யூடியூபில் இப்போது கணினிக் குரல் வாசிக்கிற கதைகள் பெருகிவிட்டன. உச்சரிப்பு முன்பைவிட நன்றாக இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். செய்திக்குறிப்பு, சமையல் குறிப்பு என்றால் சரி. கதையில் அது எல்லா வாக்கியத்துக்கும் ஒரே அக்கறையைக் காட்டுகிறது. வீடு எரிகிறதும் தேநீர் ஆறுகிறதும் ஒரே குரலில் வரும். அம்மா ஒரு நிமிடம் கேட்டுவிட்டு "இவர் மூச்சு விடேல்லை" என்றார்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். மாதிரி ஒலியை இலவசமாகக் கேட்க விடுவார்கள், அதைக் கட்டாயம் கேளுங்கள். முதல் பத்தியை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள், அதை எல்லோரும் நன்றாகத்தான் வாசிப்பார்கள். இரண்டு பேர் கதைக்கிற இடம் வருகிறதா என்று பாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி இருக்கிறது. வயதானவர்களுக்குக் கொஞ்சம் குறைத்து வைத்தால் உதவும், ஆனால் அதிகம் குறைத்தால் குரல் இழுபடும். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள், டேட்டா மிச்சம். காசு செலவழிக்காமல் தொடங்க விரும்புபவர்களுக்கு லிப்ரிவொக்ஸ் இருக்கிறது. 2005 இல் தொடங்கிய தொண்டர் முயற்சி, பதிப்புரிமை முடிந்த நூல்களை ஆர்வலர்கள் வாசித்து ஏற்றுகிறார்கள், தமிழும் கொஞ்சம் உண்டு. வாசிப்பவர்கள் தொழில்முறைக்காரர்கள் இல்லை என்பதால் ஒன்றுக்கொன்று தரம் மாறும். ஆசையோடு வாசிக்கிறார்கள் என்பது மட்டும் எல்லாவற்றிலும் கேட்கும்.

நான் சந்தா கட்டுகிற செயலியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அதில் எனக்குள்ள குறை, வாசித்தவரின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது. எழுத்தாளர் பெயர் பெரிதாக இருக்கும், வாசிப்பாளர் பெயர் கீழே எங்கேயோ மங்கலாக இருக்கும், சில புத்தகங்களில் அதுவும் இல்லை. ஒருவரின் வாசிப்புப் பிடித்து அவர் வாசித்த வேறு புத்தகங்களைத் தேடினால் வழி கிடையாது. அத்தனை மணி நேரம் தொண்டையைக் கொடுத்தவருக்கு அட்டையில் ஒரு வரி இடம் கொடுப்பதில் என்ன குறைந்துவிடும்? அத்தியாயத் தலைப்புகளும் ஒழுங்காக இல்லை. முறைப்பாடு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

ஆனாலும் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். தீபாவளி வேலை குவியத் தொடங்குகிறது, ராத்திரி பத்து மணிவரை இருக்க வேண்டி வரும். அதற்கென்று மூன்று பேரும் சேர்ந்து ஒரு நீளமான குடும்ப நாவலைத் தெரிவு செய்திருக்கிறோம், ஒரே பெண் வாசிப்பது. மாதிரியில் மாமியாரும் மருமகளும் அரிசி கழுவிக்கொண்டு கதைக்கிற இடம் ஒன்று வருகிறது. இரண்டு பேருக்கும் அவர் குரலை மாற்றவேயில்லை. ஓவர்லொக்கை ஓட விட்டுக் கேட்டோம், யார் கதைக்கிறார் என்று ஓரிடத்திலும் எங்களுக்குக் குழம்பவில்லை.